கண்மாயின் கடைமடை கடல்தான்

அழகப்பா பல்கலைக்கழகத்தில் கடலியலும் கடலோரப் பகுதிகளும் படிக்கிற துறை காரைக்குடி வளாகத்தில் இல்லை. தொண்டியில் இருக்கிறது. காரைக்குடியில் பஸ் ஏறினால் தேவகோட்டை, திருவாடானை தாண்டிப் போகவேண்டும். வழி நெடுக ஆறு என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படாது. பாலங்கள் வரும். எட்டிப் பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும், மேய்கிற நாலைந்து ஆடுகளும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மட்டும் செம்மண் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

செட்டிநாட்டுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது பணம் வந்த வழி. தண்ணீர் போகிற வழி என்று இன்னொன்று இருக்கிறது. நம் ஊர்க் கூரையில் விழுந்த மழை ஊரணி, கண்மாய், கலுங்கு (கண்மாய் நிரம்பினால் வழிகிற வாய்), ஓடை, ஆறு என்று இறங்கி, பாக் நீரிணையின் கழிமுகங்களில் முடிகிறது. அங்கே அலையாத்தி என்கிற சதுப்புநிலக் காட்டு மரம் தழைப்பதும் கருகுவதும், இறால் குஞ்சு வருவதும் வராமல் போவதும் பாதிக்கு மேல் இங்கே, மேட்டில் நாம் செய்கிற காரியத்தைப் பொறுத்தவை. தொண்டிப் பக்கத்துக் கழிமுகங்களை நான் செட்டிநாட்டின் கடைமடை என்றே நினைக்கிறேன். தலைமடைக்காரன் வாய்க்காலை அடைத்தால் கடைமடைக்காரன் பயிர் காயும் என்பது விவசாயம் தெரிந்த யாருக்கும் புரியும். கடலோரத்துக்கும் அதே கணக்குதான்.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். காரைக்குடி வட்டாரத்தில் பெரும்பாலும் செம்புரான்கல் பூமி. மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும் கோடை மழையும் உண்டு, நம்பிக்கையில்லை. நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. சரிவு மிகக் குறைவு, நடந்துபோனால் காலுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும்.

பனிமலையோ மழைக்காடோ தலைமாட்டில் இல்லாத ஆறுகள் இவை. குன்றக்குடிப் பக்கத்துத் தேனாறு, தேவகோட்டைப் பக்கம் விருசுழி ஆறு, நத்தம் மலைப்பக்கம் பிறந்து வருகிற மணிமுத்தாறு, திருமயத்தை ஒட்டி வருகிற பாம்பாறு, தெற்கே சருகணி ஆறு, கோட்டக்கரையாறு. காவிரியையோ தாமிரபரணியையோ பார்த்த கண்ணுக்கு இவை ஆறாகவே தோன்றாது. இவற்றில் சில, கண்மாய்கள் நிரம்பி வழிந்த மிச்சத் தண்ணீரிலேயே உயிர் வாழ்பவை. மலையில் பிறந்த ஆறுகூட வழியில் கண்மாய்களுக்குப் பங்கு கொடுத்துக்கொண்டேதான் வருகிறது. கண்மாய் நிரம்பினால்தான் ஆறு, ஆறு ஓடினால்தான் கழிமுகத்துக்கு நல்ல தண்ணீர்.

பக்கத்து ஆறான வைகைக்கே கடல் சேருவது அரிது. பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் தண்ணீர் தீர்ந்துவிடும். சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி கடல், அதில் போய்க் கலக்கமாட்டேன் என்று வைகை முறைத்துக்கொண்டதாக ஒரு பழைய பாட்டு சொல்கிறது. பாண்டிநாட்டார் தங்கள் ஆற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சொல் அது. ஒரு சொட்டையும் வீணாக்காமல் வயலுக்கும் கண்மாய்க்கும் எடுத்துக்கொண்டோம் என்கிற பெருமை. அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போன தண்ணீர் வீண் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே நமக்குள் ஊறிப்போயிற்று. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஒரு செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் மழைநாளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த நீர்வழியின் தொடக்கம் தெரியும். நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் உள்பக்கம் சரிந்திருக்கும். முதல் மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் பீலிக்கு அடியில் அண்டாவையும் கிடாரத்தையும் இழுத்து வைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி, தண்ணீர் பிடிப்பார்கள். சமையலுக்கும் குடிக்கவும் அந்த மழைத்தண்ணீர். மிச்சம் முற்றத்தின் மூலையில் ஓட்டை போட்ட கல்வழியாக இறங்கி, வீட்டுக்கு அடியில் ஓடி, தெரு வாய்க்காலில் விழும். தெரு வாய்க்கால் ஊரணிக்குப் போகும். ஊரணிக்குச் செம்புரான்கல்லில் படிக்கட்டும் சுற்றுச்சுவரும் கட்டி, குடிக்கிற ஊரணியில் கால் நனைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஊரணி நிரம்பினால் அடுத்த ஊரணிக்கோ கண்மாய்க்கோ போக வழி விட்டிருந்தார்கள். வீடு கட்டுவதையும் தெரு போடுவதையும் குளம் வெட்டுவதையும் ஒரே வேலையாக நினைத்துச் செய்த ஊர்கள் இவை.

நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்வது காவிரிப்பூம்பட்டினம். காவிரி கடலில் கலக்கிற முகத்துவாரப் பட்டினம் அது. அங்கிருந்து பாண்டிநாட்டு வறண்ட பூமிக்கு வந்தோம் என்பது அவர்களின் மரபுச் செய்தி. உயரமான அடித்தளத்தில் வீடு கட்டும் பழக்கத்துக்கு அந்த வெள்ள நினைவுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை வரலாறாக நிறுவ முடியுமா என்பது வேறு விஷயம். முகத்துவாரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிற ஒரு சமூகம் தன் பக்கத்து முகத்துவாரத்தை இவ்வளவு மறந்திருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம்.

மறதி இப்போது வந்ததுதான். வட்டிக்கடை காலத்துக்கு முன்னால், 17ஆம் நூற்றாண்டில், நகரத்தார் வணிகத்தில் உப்பு முக்கியமான சரக்காக இருந்தது. உப்பு எங்கிருந்து வரும்? கடலோர அளத்திலிருந்துதான். வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். அந்தப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். கிளிஞ்சல் கடலோரத்துச் சரக்கு. தொண்டிப் பக்கமே வராதவர் வீட்டிலும் வெள்ளைச் சுவராகக் கடலோரம் நின்றுகொண்டிருக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஊரணிக்குக் கீழே கண்மாய். கண்மாய் தனித்தனியாக இருப்பதில்லை, சங்கிலி. மேல்கண்மாய் நிரம்பினால் கலுங்கில் வழிந்து, மறுகாலாகி, அடுத்த கண்மாய்க்கு வரத்துக்காலாக மாறும். ஒரே ஓடை மேலூர்க்காரருக்கு மறுகால், கீழூர்க்காரருக்கு வரத்துக்கால். இந்த இரண்டு சொல்லிலேயே நம் நீர்மேலாண்மை முழுக்க அடங்கியிருக்கிறது. எனக்கு மிச்சம், உனக்கு முதல். சங்கிலியின் கீழ்ப்பக்கம், கோட்டக்கரையாற்றின் வழியில், ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இருக்கிறது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று அதற்குப் பேர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாத அகலமாம். அதற்கும் கீழே சின்னச் சின்னக் கண்மாய்கள், அப்புறம் உவர்நிலம், அப்புறம் கழிமுகம்.

ஒரு கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். மண் குடித்தது, மரம் குடித்தது, கண்மாயில் தங்கியது, வெயிலில் போனது எல்லாம் போக, நல்ல மழை ஆண்டுகளில் ஒரு பங்கு கடைசிவரை வந்து சேரும். அது வந்து சேருகிற சில வாரங்கள்தான் கழிமுகத்துக்குத் தீபாவளி.

ஏன் என்று விளக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 15 லிட்டர் பிடிக்கிற ஒரு குடத்தைக் காய்ச்சினால் அரைக் கிலோ உப்பு மிஞ்சும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. அதனால் ஆற்றுநீர் வந்து சேரும்போது மேலே பாயாக விரிந்து ஓடும், கடல்நீர் ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து நிற்கும். இரண்டும் கலக்கிற இடத்தில் வண்டலும் இலைமக்கும் கலந்த ஒரு கரைசல் உண்டாகிறது. கடலில் முட்டையிட்ட இறாலின் குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு உள்ளே வந்து, இந்தக் கலப்பு நீரில் தின்று வளர்ந்து, சில மாதம் கழித்துக் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் நண்டும் இப்படித்தான். கழிமுகம் அவற்றுக்குத் தொட்டில். தொட்டிலில் உப்பு ஏறிப்போனால் பிள்ளை தங்காது.

நல்ல தண்ணீர் வராத ஆண்டில் இரண்டு கெடுதல் நடக்கும். ஒன்று, வெயில் காய்ச்சிக் காய்ச்சிக் கழிக்குள் தண்ணீர் கடலைவிட அதிக உப்பாகிவிடும். இரண்டு, முகத்துவாரம் அடைபடும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், கடல் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரிய ஏற்ற வற்றம் இருக்கிற கடற்கரையில் கடலே வாயைத் துடைத்துத் திறந்து வைத்துக்கொள்ளும். இங்கே அந்த வேலையை ஆற்றுவெள்ளம்தான் செய்யவேண்டும். வெள்ளம் வராவிட்டால் கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து வாயில் குவித்துவிடும். ஆறும் கடலும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்.

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு என்று ஒரு மீனவ ஊர். கோட்டக்கரையாறு கடலைத் தொடுகிற இடம், அலையாத்திக் காடு சூழ்ந்த இடம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அங்கே படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு மார்கழிக் காலையில் போனேன். கரையில் சேறு கறுப்பாக, முட்டை அழுகிய நாற்றத்தோடு இருந்தது. ஆக்சிஜன் இல்லாத சேறு அப்படித்தான் நாறும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் குச்சிகள் மேல்நோக்கி நின்றன. அலையாத்தியின் மூச்சுவேர்கள். மண்ணுக்குள் காற்று இல்லாததால் மரம் தன் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. ஒரு இலையைப் பறித்து அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார் படகோட்டி. உப்புக் கரித்தது. வேருக்குள் வந்த உப்பை மரம் இலைவழியாகத் துப்பிவிடுகிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இலைமேல் உப்புப் பொடி மினுக்கியது.

“எந்த ஊர்ண்ணே?” என்றார்.

“காரைக்குடிப் பக்கம்.”

“அங்கிட்டு மழை எப்படி? கண்மாயெல்லாம் பெருகிருச்சா?”

ஊர் விசாரிக்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை, பாதிக்கு வந்திருக்கிறது என்றேன். கம்பை ஊன்றியபடி, “மேக்கே பெருகுனாத்தாண்ணே எங்களுக்கு இங்க ராலு” என்றார். அதுவரை நான் இதைப் புத்தகத்து விஷயமாகத்தான் வைத்திருந்தேன். அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பதற்கும் எங்கள் ஊர்க் கலுங்கு வழிகிறதா என்பதற்கும் உள்ள தொடர்பை அவர் தினம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள்தான் பார்க்கவில்லை.

அலையாத்தி உப்பைத் தாங்கும், விரும்பாது. பெரிய மரம் சில வறண்ட ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்கும். மரத்திலிருந்து விழுந்து சேற்றில் வேர்பிடிக்கப் பார்க்கிற இளங்கன்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. அதற்கு முதல் பருவத்தில் உப்புக் குறைந்த தண்ணீர் வேண்டும். வெள்ளம் வராத ஆண்டுகள் தொடர்ந்தால் காடு வெளிப்பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே அடுத்த தலைமுறை இருக்காது. ஒரு ஊரில் கிழவர்கள் மட்டும் மிஞ்சுவது போல. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

கழிமுகத்துக்கு வெளியே கடற்புல் படுகைகள். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற கடல்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் முதல் முறை. எல்லைக்கோடு கடலில் போடப்பட்டிருக்கிறது, நல்லது. ஆனால் கடற்புல்லுக்குத் தெளிந்த நீர் வேண்டும். மேட்டில் மண் அரித்து வருகிற கலங்கலும், ஊர்ச் சாக்கடையும் ஆலைக்கழிவும் அந்தக் கோட்டுக்கு வெளியேயிருந்து வருபவை. கண்மாய் செய்கிற பல வேலைகளில் கவனிக்கப்படாத ஒன்று, கலங்கலைத் தன்னிடமே நிறுத்தி, தெளிந்ததை மட்டும் கலுங்கில் விடுவது. கண்மாய் தூர்ந்தால் அந்த வடிகட்டி போச்சு.

கல்லூரிக்கு வருகிறேன். 1947இல் சென்னையில் ஒரு கூட்டத்தில், நாட்டுக்குக் கல்லூரிகள் வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கேட்டார். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் ஒன்று தொடங்குகிறேன் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்லூரி தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 25இல் நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அந்த நிலையம் இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்வதற்காக மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோர ஆய்விடம் வைத்திருக்கிறது. உப்புக்காற்றை ஆராயக் காரைக்குடியிலிருந்து கடலுக்குப் போகிறார்கள். பல்கலைக்கழகம் 1985இல் வந்தது, அதன் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. கல்வி வழியாக இந்த ஊர் கடலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்குத் தோன்றுகிற குறை ஒன்றுதான். தொண்டியில் படிக்கிறவர்கள் கடலிலிருந்து கழிமுகம் வரை பார்க்கிறார்கள். காரைக்குடியில் படிக்கிறவர்கள் கண்மாய் வரை பார்க்கிறார்கள். நடுவில் இருக்கிற நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் யாருடைய பாடத்திலும் இல்லை. தேனாற்றில் ரசாயனக் கழிவு கலப்பதாக அந்தப் பக்கத்து விவசாயிகள் எத்தனை வருஷமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! அதைக் குடிநீர்ப் பிரச்சினையாகவும் வயல் பிரச்சினையாகவும் பேசுகிறோம். அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற கழிமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காரைக்குடிக்குச் சம்பை ஊற்று இருக்கிறது. நகரமே அந்த இனிப்பான நிலத்தடி நீரை நம்பி வளர்ந்தது. அதனால் மேலே ஓடுகிற தண்ணீரைப் பற்றிய அக்கறை குறைந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குழாயில் தண்ணீர் வந்த பிறகு வரத்துக்கால்மேல் யாருக்கும் கண் இல்லை. வரத்துக்காலில் மனை போட்டார்கள். தெரு வாய்க்கால் சாக்கடையாயிற்று. முற்றத்துக் கல்லிலிருந்து இறங்கிய தண்ணீர் போக வழி தெரியாமல் தெருவிலேயே நிற்கிறது. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும், இங்கே நாலைந்து அறுந்திருக்கின்றன.

எல்லா ஊரும் அப்படி என்று சொல்லமாட்டேன். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்களில் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நாரை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் வருவதற்கு முன்பே வந்த பழக்கம் அது. கண்மாய் தங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்தவர்கள். அந்த உரிமைப் பட்டியலில் இறாலையும் ஆவுளியாவையும் சேர்த்தால் போதும்.

இப்போது காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய் வருகிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் நீளம், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. காவிரியில் மிகையாக வருகிற வெள்ளத்தைத் திருப்பி, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை நிரப்புவது நோக்கம். வழியில் தெற்கு வெள்ளாறு, பாம்பாறு போன்ற நம் சின்ன ஆறுகளைக் கடந்துதான் போகும். இந்த வறண்ட பூமிக்கு அது வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ‘கடலில் வீணாகும் தண்ணீர்’ என்ற சொல்லைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். காவிரியின் முகத்துவாரத்தில் இருப்பவர்களுக்கும் தொட்டில் இருக்கிறது. நமக்கு வருகிற தண்ணீரில் நம் கழிமுகத்துக்கு ஒரு பங்கு என்று திட்டத்திலேயே எழுதவேண்டும். கண்மாய்ப் பாசனத்தில் மடை மடையாகப் பங்கு வைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இன்னொரு பங்காளியாகக் கடலைச் சேர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

செய்யக்கூடியது என்ன? முதலில் அளக்கவேண்டும். தொண்டித் துறை மாணவர்கள் கழிமுகத்தில் உப்பளவு பார்க்கிற அதே நாளில், காரைக்குடிக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் மேலே ஏதாவது நாலு கலுங்கில் நின்று, எத்தனை அங்குலம் வழிகிறது என்று குறித்தால் போதும். ஒரு அளவுகோலும் ஒரு நோட்டும்தான் செலவு. ஐப்பசியில் தொடங்கி மாசி வரை குறித்து, இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மேற்கே கலுங்கு வழிந்து எத்தனை நாள் கழித்துக் காரங்காட்டில் உப்புக் குறைகிறது, எத்தனை அங்குலம் வழிந்தால் முகத்துவாரம் திறக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியவரும். படகோட்டி கம்பை ஊன்றியபடி சொன்னதற்கு அப்போது ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வரத்துக்கால் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசினால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.